பஞ்சாரம்

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில், கோழி வளர்க்கும் வீட்டு முற்றங்களில் மூங்கில் சிம்புகளால் பின்னிய பெரிய கூடை ஒன்று கவிழ்ந்து கிடக்கும். அதற்குப் பஞ்சாரம் என்று பெயர். தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் பருந்தின் கண்ணிலிருந்தும் காகத்தின் அலகிலிருந்தும் காப்பது அதன் அன்றாடப் பணி. காயம்பட்ட கோழிக்கு அதுவே மருத்துவமனையாகவும் அமையும். தமிழ்நாட்டிற்கு வெகு தொலைவில், மத்தியப் பிரதேசத்தின் இடார்சியில் வாழ்ந்த ஒரு தமிழ்க் குடும்பம் இதனை அனுபவத்தில் அறிந்தது.

இருப்புப்பாதை ஊழியர் குடியிருப்பின் தரைத்தள வீடு அது. பின்புறத்து வேலிக்குள் கடக்நாத் என்னும் கருங்கோழிகள் ஐந்து வளர்ந்தன. அம்மாநிலத்து ஜாபுவா பகுதிக்கு உரிய இக்கோழியினத்தின் இறைச்சி 2018ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. இக்கோழியின் இறகு மட்டுமன்றித் தோலும் தசையும் எலும்பும்கூடக் கருமை படர்ந்தவை.

மழைக்காலம் முடிந்த ஓர் அக்டோபர் மாதக் காலையில், தெருநாய் ஒன்று வேலியின் அடியில் மண்ணைப் பறித்து உள்ளே நுழைந்துவிட்டது. கூச்சல் கேட்டு வீட்டார் ஓடி வருவதற்குள் ஒரு கோழி மாண்டது. மூன்று கோழிகள் கொய்யா மரத்தில் ஏறித் தப்பின. ஐந்தாவது கோழியைக் காணவில்லை.

கோழி பிற விலங்குகளுக்கு இரையாகும் பறவை. வலியை வெளிக்காட்டினால் பகைக்கு எளிதில் இலக்காகிவிடும். அதனால் அடிபட்ட கோழி அழாது, ஒளிந்துகொள்ளும். நெடுநேரம் தேடிய பிறகு, தண்ணீர்த் தொட்டியின் பின்னால் அதனைப் பேரன் கண்டெடுத்தான். இறகுகள் சிலிர்த்திருந்தன, சிறகுகள் தொங்கின, முதுகிலிருந்து குருதி வடிந்தது.

"இது பிழைக்காது, இன்றே சமைத்துவிடுங்கள்" என்றார் அண்டை வீட்டுக்காரர். தந்தையும் தயங்கினார். தென்காசியிலிருந்து வந்து தங்கியிருந்த பாட்டி கோழியின் முகத்தைக் கூர்ந்து நோக்கினார்.

"பாட்டி, இது பிழைக்குமா?" என்று பேத்தி கேட்டாள்.

"குரல் வரும் பக்கம் தலையைத் திருப்புகிறது, பார். பிழைக்க நினைக்கும் உயிரை நாம் முந்திக்கொண்டு முடித்துவிடக் கூடாது" என்றார் பாட்டி.

பழைய பருத்தித் துண்டினால் கோழியைத் தளர்வாகச் சுற்றினார். மார்பை இறுக்கவில்லை. மனிதருக்கு இருப்பதுபோன்ற உதரவிதானம் பறவைக்கு இல்லை. மார்பெலும்பு அசைந்தால்தான் அதனால் மூச்சுவிட முடியும். அன்பின் மிகுதியால் இறுக அணைத்தாலும் கோழி மூச்சுத் திணறி இறந்துபோகக்கூடும். தூய துணியைக் காயத்தின்மேல் வைத்து ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்தார். இடையில் ஒருமுறைகூடத் துணியை விலக்கிப் பார்க்கவில்லை. விலக்கினால் உறையத் தொடங்கிய குருதி மீண்டும் பெருகும்.

பின்னர் அவர் கேட்டது பஞ்சாரம். இடார்சியில் அச்சொல்லை அறிந்தவர் எவருமில்லை. வாரச்சந்தையில் 'டோக்ரி' என்று கேட்டு வாங்கிய மூங்கில் கூடையைத் தாழ்வாரத்தில் கவிழ்த்து, அதன்மேல் கனத்த துணி ஒன்றைப் போர்த்தினார்கள். காற்றுக்காக ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்தது. இருளில் கோழிக்குக் கண் தெரிவது அரிது. காட்டுப்பூனையும் மரநாயும் இரவில் அதனை எளிதாகப் பிடிப்பது அதனால்தான். ஆனால் பாதுகாப்பான இடத்தில் அதே இருள் மருந்தாகிறது. பகையின் நிழல் கண்ணில் படாதபோது அச்சம் தணிகிறது, படபடப்பு அடங்குகிறது. அச்சம் தணியாத கோழி, காயம் சிறிதாக இருந்தாலும் அதிர்ச்சியினாலேயே இறந்துவிடக்கூடும்.

ஒரு மணி நேரம் கழித்து, காயத்தைச் சுற்றியிருந்த இறகுகளைக் கத்தரித்தார்கள். அப்போதுதான் சிறகின் அடியில் இரண்டு பற்குழிகள் தென்பட்டன. காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பைக் கரைத்து, ஊசி நீக்கிய மருந்துக்குழலால் புண்ணைக் கழுவினார்கள். மஞ்சளை எண்ணெயில் குழைத்துப் பூசப் பாட்டி எண்ணியிருந்தார். கால்நடை மருத்துவமனையில் மருத்துவர் அதனைத் தடுத்தார். "பற்குழியின் வாய் சிறிது, ஆழம் மிகுதி. மேலே பூசி அடைத்துவிட்டால், உள்ளே தங்கிய கிருமிகள் பெருகிச் சீழ் வைக்கும். கழுவித் திறந்து வைப்பதே நல்லது" என்றார். பாட்டி அதனை ஏற்றுக்கொண்டார்.

கருங்கோழியின் தோலில் புண் சிவப்பதைக் கண்ணால் அறிய இயலாது. எனவே வீக்கத்தையும் வெப்பத்தையும் விரலால் தொட்டு அறியவும், நாற்றம் உண்டா என்று முகர்ந்து பார்க்கவும் மருத்துவர் கற்பித்தார். எடைக்கேற்ற அளவில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் கொடுத்தார். தாம் குறித்த நாள் வரையில் அக்கோழியின் முட்டையை உண்ணலாகாது என்றார். புண்ணில் ஈ மொய்த்தால் ஒரே நாளில் புழு வைத்துவிடும் என்றும் எச்சரித்தார். அன்று மாலையே கூடையின்மேல் கொசுவலை ஏறியது. புண்ணைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் வீட்டார் அனைவரும் சோப்பினால் கை கழுவினர்.

முதல் நாள் கோழி நீரை மட்டுமே அருந்தியது. இரண்டாம் நாள் குழைந்த சோற்றைக் கொத்தியது. ஐந்தாம் நாள் கூடைக்குள் மண்ணைக் கிளறத் தொடங்கியது. உடனே அதனை வெளியே விடவேண்டும் என்று பேரன் விரும்பினான். பாட்டி இசையவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. கோழிக்கூட்டத்தில் எது எதனைக் கொத்தலாம் என்னும் வரிசை ஒன்று இருக்கிறது. நார்வே நாட்டு விலங்கியலார் தோர்லைஃப் ஷெல்டரப்-எப்பே இதனை 1921ஆம் ஆண்டில் ஆய்வேட்டில் விளக்கினார். சிறுவனாக இருந்தபோதே கோழிகளைக் கவனித்துக் குறிப்பெடுக்கத் தொடங்கியவர் அவர். கூட்டத்தை விட்டுச் சில நாள் பிரிந்த கோழி, திரும்பும்போது தன் பழைய இடத்தை இழந்திருக்கும். மேலும், ஆறாத புண்ணின் சிவப்பைக் கண்டால் உடன் வளர்ந்த கோழிகளே கொத்திக் கிழிக்கும். நாய்க்குத் தப்பிய கோழி தன் இனத்தாலேயே மடிய நேரும்.

பத்தாம் நாள் புண்ணின்மேல் உலர்ந்த பொருக்குப் படிந்திருந்தது. பாட்டி கூடையின் சிம்புகளை ஆங்காங்கே விலக்கி இடைவெளியைப் பெரிதாக்கினார். இப்போது அது உண்மையான பஞ்சாரமாயிற்று. பகல் நேரத்தில் அதனைக் கொல்லையின் நடுவில் வைத்தார்கள். மற்ற மூன்று கோழிகளும் வந்து சுற்றின, எட்டிப் பார்த்தன, சிம்புகளின் வழியே ஒருமுறை கொத்தவும் முயன்றன. மூன்றாம் நாள் அவை பஞ்சாரத்தின் அருகிலேயே படுத்துப் புழுதியாடின. நோயுற்ற உயிருக்குத் தனிமை வேண்டும். அத்தனிமை, தன் கூட்டத்தின் குரல் கேட்கும் தொலைவில் அமைய வேண்டும். அவ்விரண்டையும் ஒருசேரத் தருவது பஞ்சாரம்.

புண் முற்றிலும் ஆறிய பிறகு ஓர் அந்தியில், மற்றக் கோழிகள் அடைந்ததும் இதனையும் கூட்டுக்குள் அவற்றின் அருகே அமர்த்தினார்கள். விடியலில் சிறு சண்டை மூண்டது. குருதி சிந்தாமலே அடங்கியது.

நாய் பிடுங்கிய இடங்களில் புதிய இறகுகள் அப்போதே அரும்பியிருந்தன. கத்தரித்த இடங்களில் மட்டும் அவை முளைக்கவில்லை. வேரோடு பறிக்கப்பட்ட இறகு உடனே வளரத் தொடங்கும். வெட்டப்பட்ட இறகோ தன் அடித்தண்டு உதிரும் பருவம் வரையில் காத்திருக்கும்.

அந்த வாரமே வேலியின் கம்பிவலையை மண்ணுக்குள் ஓரடி ஆழம் புதைத்தார் தந்தை. பேத்தி நாள்தோறும் கோழிகளை எண்ணும் பொறுப்பை ஏற்றாள். நான்கும் கூட்டில் அடைந்ததைக் கண்ட பின்னரே அவள் தாழிடுவாள்.