கடைமடையில் கணக்குப் பார்த்த பேராசிரியை

வாய்க்காலின் தலைப்பில் கான்கிரீட் அணை கட்டிவிட்டால், கடைமடைக்குத் தண்ணீர் தானாக வந்து சேரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நேபாளத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பாசன அமைப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது விஷயம் வேறு மாதிரி இருந்தது. விவசாயிகளே கல்லையும் மரக்கிளையையும் போட்டு அடைத்த பழைய அமைப்புகளில்தான் பெரும்பாலும் கடைமடை வரை தண்ணீர் போனது. விளைச்சலும் அங்கேதான் கூடுதல்.

காரணம் எளிமையானது. அந்த அணையை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும். மறுபடி கட்ட ஆள் வேண்டும். கடைமடைக்காரர் வந்து மண்வெட்டி பிடித்தால்தான் தலைமடைக்காரருக்கே தண்ணீர். அதனால், பங்கு கொடுத்தே ஆக வேண்டும். கான்கிரீட் வந்ததும் கடைமடைக்காரரின் உழைப்பு தேவையில்லாமல் போனது. கூடவே அவர் பங்கும் போனது.

இதை எடுத்துச் சொன்னவர் பொதுப்பணித்துறை இன்ஜினீயர் இல்லை. எலினார் ஆஸ்ட்ரம் என்கிற அமெரிக்கப் பேராசிரியை. பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை 2009-ம் ஆண்டு ஆலிவர் வில்லியம்சனுடன் பகிர்ந்துகொண்டவர். அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண். வேடிக்கை என்னவென்றால், பொருளாதாரத்தில் ஆராய்ச்சி செய்ய அவருக்கு இடமே கிடைக்கவில்லை.

1933-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். பஞ்ச காலம் அது. வீட்டுத் தோட்டத்துக் காய்கறியும் பழமும்தான் குடும்பத்துக்குப் பெரிய ஆதரவு. பள்ளியில் ‘பெண் பிள்ளைக்கு எதற்கு திரிகோணமிதி?’ என்று அந்த வகுப்பில் சேரவிடவில்லை. பட்டம் வாங்கி வேலை தேடினால், ‘டைப்பிங் தெரியுமா, சுருக்கெழுத்து தெரியுமா’ என்பதுதான் கேள்வி. முனைவர் பட்டத்துக்காகப் பொருளாதாரத் துறையின் கதவைத் தட்டியபோது, ‘கணக்கு போதாது’ என்று திருப்பி அனுப்பினார்கள். கணக்கைப் படிக்கவிடாமல் செய்துவிட்டு, கணக்கு தெரியவில்லை என்று சொல்கிற நியாயம் எல்லா ஊரிலும் உண்டுபோல.

அரசியல் அறிவியலில் சேர்ந்தார். எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி, நிலத்தடி நீர். லாஸ் ஏஞ்சல்ஸ் கடலோரத்தில் ஆளாளுக்கு உறிஞ்சியதில் கடல்நீர் உள்ளே புகுந்துவிட்டது. தண்ணீர் எடுத்தவர்களே கூடிப் பேசி, வழக்காடி, இறைப்பதற்கு வரம்பு கட்டினார்கள். கரையோரம் வரிசையாகக் கிணறு போட்டு நல்ல நீரைச் செலுத்திக் கடல்நீரைத் தடுத்தார்கள். 1965-ல் பட்டம் கிடைத்தது. கணவர் வின்சென்ட்டுக்கு இண்டியானா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வேலை. எலினாருக்குக் கிடைத்ததோ, காலை 7.30 மணி வகுப்பு. அதையும் விடாமல் பிடித்துக்கொண்டார்.

1968-ல் காரெட் ஹார்டின் என்ற விஞ்ஞானி, பொது மேய்ச்சல் நிலம் என்று இருந்தால் ஒவ்வொருவரும் மாட்டைக் கூட்டிக்கொண்டே போவார்கள், நிலம் அழிந்தே தீரும் என்று எழுதினார். தனியாருக்குக் கொடு, இல்லையென்றால் அரசாங்கம் எடுத்துக்கொள்ளட்டும் என்ற பேச்சு அதிலிருந்து வேகம் பிடித்தது. எலினார் ஊர் ஊராக விவரம் சேர்த்தார். சுவிட்சர்லாந்தின் டோர்பெல் மலைக்கிராமத்தில் 1517-லேயே ஒரு விதி இருந்தது. பனிக்காலத்தில் வீட்டில் வைத்துத் தீனி போட முடிகிற அளவு மாட்டைத்தான் கோடையில் மலை மேய்ச்சலுக்கு ஓட்டலாம். வைக்கோல் இருப்பே மாட்டுக் கணக்கைச் சொல்லிவிடும். ஜப்பானில் சில ஊர்களில் பொதுக்காட்டுக்குக் காவலர் போட்டிருந்தார்கள். விதி மீறியவர்களிடம் காவலர் காசும் ‘சாக்கே’ என்ற அரிசி மதுவும் வாங்கிக்கொள்ளலாம்! இவற்றையெல்லாம் தொகுத்து 1990-ல் ‘கவர்னிங் தி காமன்ஸ்’ புத்தகம் வந்தது.

1992-ல் காட்டுக்குள் இறங்கினார். பல நாடுகளில் ஒரே முறையில் ஆய்வு. குறித்த இடங்களில் மரத்தின் சுற்றளவை அளப்பார்கள். விறகு, புல், தழை எடுக்கிறவர்களிடம் உட்கார்ந்து பேசுவார்கள். சில வருடம் கழித்து அதே காட்டுக்குத் திரும்பவும் போவார்கள். அரசுக்காடா, தனியார் காடா, ஊர்க்காடா என்று பெயரை வைத்து மட்டும் காட்டின் நிலையைச் சொல்ல முடியவில்லை. பயன்படுத்துகிறவர்களே தவறாமல் காவல் பார்த்த இடங்களில்தான் மரங்கள் நன்றாக இருந்தன. விதி போடுவதில் பங்கு இருந்தவர்கள், அதை மீறாமல் இருந்ததோடு பக்கத்து ஆளையும் கவனித்தார்கள். வேலி போட்டு உள்ளூர்க்காரர்களை வெளியே நிறுத்திவிட்டால், திருட்டு வெட்டு நடக்கும்போது தகவல் சொல்ல யார் வருவார்கள்?

‘ஊர் கையில் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று மட்டும் அவர் சொல்லவில்லை. கெட்டுப்போன ஊர்க்காடுகளும் அவர் கணக்கில் இருந்தன. எல்லா ஊருக்கும் ஒரே மருந்து என்று யார் வந்தாலும் நம்ப மாட்டார். இந்த விஷயத்தில் பொருளாதார நிபுணர்களைவிட, மண் பார்த்து விதை தேர்வு செய்கிற விவசாயிக்குத்தான் அவர் நெருக்கம்.

2011 ஜனவரியில், பொதுவளங்கள் குறித்த சர்வதேச மாநாட்டுக்காக ஹைதராபாத் வந்திருந்தார். அடுத்த ஆண்டு ஜூன் 12-ம் தேதி, 78 வயதில் புற்றுநோயால் இறந்தார். 17 நாள்கள் கழித்து வின்சென்ட்டும் போய்ச்சேர்ந்தார்.