ஒற்றைக் காது அப்பத்தா

அமெச்சூர் போட்டோகிராபர்கள் நாலு பேர் ஒரு படத்தைச் சுற்றி நின்றால், அது பெண் பார்க்கும் படலம்தான். மூக்கு, முழி, நிறம் எதையும் விடமாட்டார்கள்!

காளையார்கோவிலில் அப்படி மாட்டிக்கொண்டது ஓர் அப்பத்தாவின் கறுப்பு வெள்ளைப் படம். எடுத்தது பேரன்.

"முகம் இருண்டு கிடக்கே?" என்றார் ஒருவர். நியாயம். வெள்ளைச் சேலையைக் கேமரா மீட்டர் சாம்பலாக்கப் பார்க்கும். மாநிற முகம் கரியாகிவிடும். ஒரு ஸ்டாப்பாவது கூட்டியிருக்கணும்.

"கண்ணுல ஒரு பொட்டு வெளிச்சம் இல்லியே!" இது அடுத்தவர். ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார வைத்திருந்தால் கிடைத்திருக்கும்.

"சுருக்கத்தை அழிச்சிடலாமா?" என்ற மூன்றாமவரை எல்லோரும் முறைத்தார்கள். நெருக்கி வெட்டிய 'க்ராப்'புக்கு மட்டும் ஏகமனதாக சபாஷ்!

படம் அப்பத்தா கைக்குப் போனது. உற்றுப் பார்த்தார். "ஏண்டா, ஒத்தத் தண்டட்டியக் காணோம்? காதை அறுத்துப்புட்டியா?"

சபை கப்சிப்.

1941-ல் யூசுப் கார்ஷ், சர்ச்சில் வாயிலிருந்த சுருட்டைப் பிடுங்கிவிட்டுப் படமெடுத்தார். அந்த முறைப்பு உலகப் புகழ் பெற்றது. சர்ச்சிலுக்கென்ன, ஆயிரம் படம் உண்டு. சுருட்டு போனால் போகட்டும். அப்பத்தாவுக்கு? நாளை மாலை போட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டப்போவது இந்த ஒன்றைத்தானே!

இதே ஊரில் சமாதி கொண்டிருக்கும் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டது 1801-ல். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-ல். அவர்கள் முகத்தை நாம் ஊகிக்கத்தான் முடியும். அப்பத்தாவின் காதையாவது பேரப்பிள்ளைகள் ஊகிக்க வேண்டாமே!

படத்தை விமர்சிக்க உட்காரும்போது, படத்தில் இருப்பவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள், சார்!