எஞ்சி நிற்பது

சென்ற ஆண்டு நவம்பர் 2, கல்லறைத் திருநாள். தந்தையின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வீடு திரும்பியதும், அவர் போற்றி வைத்திருந்த பழைய இலத்தீன் பூசைப் புத்தகத்தைத் திறந்தேன். அந்நாளுக்குரிய தலைப்பில் ஒரு சொல் என் கண்ணில் தங்கியது: 'தெஃபுங்க்தோரும்'. இறந்தோருடைய என்பது பொருள். அதன் எழுவாய் வடிவம் 'தெஃபுங்க்துஸ்'.

வியப்பு என்னவெனில், அச்சொல்லின் வேரில் இறப்பே இல்லை. 'தெஃபுங்கோர்' என்னும் வினைக்கு, ஏற்ற பணியைச் செய்து முடித்தல் என்பதே பொருள். அவ்வினையிலிருந்து பிறந்து பெயரடையாக நிற்பது இச்சொல். ஆணுக்கு 'தெஃபுங்க்துஸ்', பெண்ணுக்கு 'தெஃபுங்க்தா'. நம் பெயரெச்சமோ 'இறந்த தந்தை', 'இறந்த தாய்' என மாறாது நிற்கும். மேலும், அவ்வினை வடிவத்தில் செயப்பாட்டுவினை; பொருளில் செய்வினை. சாவு அவருக்கு நேர்ந்தது என்று அது சொல்வதில்லை; அவர் முடித்தார் என்றே சொல்கிறது.

இங்கேதான் என் உள்ளம் இசைய மறுத்தது. என் தந்தை எதை முடித்தார்? ஒரு வரப்புத் தகராற்றில் தம் தம்பியோடு பதினெட்டு ஆண்டுகள் பேசாதிருந்தவர் அவர். நோயுற்ற கடைசி வாரத்தில், "அவனை ஒருமுறை பார்க்கணும்" என்று இருமுறை சொன்னார். "உடம்பு தேறட்டும் அப்பா" என்று நான் தள்ளிப்போட்டேன். உடம்பு தேறவில்லை.

மீண்டும் இலக்கணத்தைப் புரட்டினேன். முடித்தது எது என்பதைச் சுட்ட, 'வீத்தா' என்ற சொல்லை உடன் சேர்ப்பது அம்மொழியின் வழக்கு. 'வாழ்வை முடித்தவர்' என்பது பொருள். வாழ்வைத்தான், வாழ்வின் கடன்கள் அனைத்தையும் அன்று.

தமிழில் இத்தகைய சொல்லை 'எச்சம்' என்கிறோம். எஞ்சி நிற்பது எச்சம். ஒருவர் விட்டுச்சென்ற மக்களுக்கும் அதுவே பெயர். தந்தை முடித்துவிட்டார். எஞ்சி நிற்பவன் நான்.

அடுத்த ஞாயிறு, திருப்பலி முடிந்ததும் சித்தப்பா வீட்டுக்குச் சென்றேன். "அப்பா உங்களைப் பார்க்கணும்னு சொன்னார், சித்தப்பா. நான்தான் வந்து சொல்லவில்லை" என்றேன். நெடுநேரம் அவர் பேசவில்லை. பிறகு உட்புறம் திரும்பி, "பிள்ளைக்குக் காப்பி கொண்டு வா" என்றார்.

வரும் கல்லறைத் திருநாளுக்குத் தாமும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். இறந்தோருக்காக மன்றாடும் நாம், அவர்கள் விட்டுச்சென்ற கடன்களுள் ஒன்றையேனும் தீர்த்துவிட்டு அக்கல்லறைகளின் முன் நிற்போமாக.