இறுகியிருப்பதும் பொருந்தியிருப்பதும்



எங்கள் நெல்லிக்குப்பத்தில் கரும்பு அரவைக் காலத்தைக் காற்றே அறிவித்துவிடும். ஆலையை நோக்கி டிராக்டர்களும் லாரிகளும் மாட்டு வண்டிகளும் வரிசையில் நிற்க, பாகின் வாசனை தெருவெங்கும் பரவியிருக்கும். அப்படியொரு நாளில் எங்கள் சபை மூப்பர் ஒருவருடைய பட்டறையில் நான் கற்றுக்கொண்ட பாடத்தை இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். அது எனக்கு எளிதாக வந்த பாடமன்று.

பொறியியல் படிக்கும் மாணவர் அறுவர் அந்தப் பட்டறையில் ஒரு சிறு வண்டியை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் எங்கள் சபைப் பிள்ளை. நானே ஞானஸ்நானம் கொடுத்தவன். 'பாஜா' என்பது மாணவர் தாமே வண்டி கட்டி ஓட்டும் போட்டி. 1976-இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் தொடங்கியது. 2007 முதல் நம் நாட்டிலும் நடந்துவருகிறது. இந்தூருக்கு அருகிலுள்ள பீதம்பூரின் மேடு பள்ளங்களில் நான்கு மணி நேரம் ஓட வேண்டும். எஞ்சினில் ஓடும் வண்டிகளுக்கெல்லாம் ஏறத்தாழ பத்துக் குதிரைத்திறன் கொண்ட ஒரே வகை எஞ்சின். மற்றவற்றை மாணவர்களே திரட்டிப் பொருத்த வேண்டும்.

"ஐயா, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வந்து வண்டிக்கு ஜெபம் செய்யுங்கள். அன்று மாலை முதன்முதலாக ஓட்டப்போகிறோம்" என்று அவன் அழைத்தான். நான் யோசிக்காமல் ஒப்புக்கொண்டேன்.

என் இளமையில் கார்களின்மேல் எனக்குத் தனி ஆசை உண்டு. சென்னையில் 1961 முதல் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் எதிரில் வந்தால் நின்று பார்ப்பேன். ஏறத்தாழ 25 அடி வட்டத்திற்குள் திரும்பிவிடும் வண்டி அது. அதன் தாய் வண்டியான டிரையம்ப் ஹெரால்டுக்கு அடிச்சட்டம் தனியாக இருந்ததால், இங்கிலாந்தில் பலர் மேற்கூட்டைக் கழற்றிவிட்டு அதன்மேல் தங்கள் விருப்பப்படி கார் கட்டிக்கொண்டார்கள் என்று பின்னர் படித்தேன். பல வண்டிகளின் உறுப்புகளைச் சேர்த்து ஒரு வண்டி ஆக்குவது அங்கே பெரிய பொழுதுபோக்கு. நம் நாட்டில் அப்படிக் கட்டியதைச் சாலையில் ஓட்ட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தயாரிப்பாளரின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. போட்டிக் களம் வேறு.

இவர்களுடைய வண்டியில் ஸ்டியரிங் ரேக், கழித்த மாருதி 800-இலிருந்து வந்தது. சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் வேறொரு நிறுவனத்தின் சிறு காருடையது. இரண்டும் சென்னை புதுப்பேட்டையில் வாங்கியவை. முதலில் பொருத்தியபோது வேடிக்கையொன்று நடந்ததாம். டை ராடு சட்டத்தில் இடிக்காதிருக்க வேண்டுமென்று நக்கிள்களை இடம் வலம் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். பின்னோக்கி இருக்க வேண்டிய கைகள் முன்னோக்கி வந்துவிட்டன. ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினால் சக்கரம் இடப்பக்கம் திரும்பியது! அதைச் சரிசெய்தார்கள். அடுத்து, கார் ரேக் இந்தக் குறுகிய சட்டத்திற்கு நீளமாக இருந்தது. டை ராடும் சஸ்பென்ஷன் கைகளும் ஒத்த வளைவில் அசையாவிட்டால், சக்கரம் மேட்டில் ஏறும்போது ஓட்டுநர் திருப்பாமலே வண்டி தானாகத் திரும்பும். ரேக்கை நடுவில் அறுத்து வெல்டிங் வைக்க நினைத்தவர்களை மூப்பர் தடுத்துவிட்டார். பதப்படுத்திய எஃகில் வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் பதம் கெட்டுவிடும் என்றார். லேத் பட்டறையில் குறுகிய ரேக் ஒன்றைப் புதிதாகவே செய்வித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நான் சென்றபோது எல்லாம் முடிந்திருந்தது. வண்டிக்கு மாலைகூடப் போட்டிருந்தார்கள். மூப்பர் மட்டும் முன்சக்கரத்தருகே குனிந்து அமர்ந்திருந்தார். டை ராடின் முனையிலுள்ள பால் ஜாயின்ட்டின் தண்டு, நக்கிளின் துளைக்குள் செல்லும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இதைக் கழற்று" என்றார்.

"மாமா, நட்டை முழுசா இறுக்கிட்டோம். ஸ்பிளிட் பின்னும் போட்டாச்சு. துளிகூட ஆடலை, நீங்களே அசைச்சுப் பாருங்க."

"ஆடலைங்கிறது தெரியுது. கழற்று."

அந்தத் தண்டு நேரானதன்று, கூம்பி வருவது. துளையும் அதே அளவில் கூம்ப வேண்டும். எட்டு மில்லிமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் குறைந்துவரும் தண்டுகள் உண்டு. பத்துக்கு ஒன்று குறைந்துவருபவையும் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மூப்பர் தண்டின்மேல் நீலச்சாயத்தை மெல்லியதாகத் தடவித் துளைக்குள் செருகித் திருப்பி வெளியே எடுத்தார். சரியான பொருத்தமாயிருந்தால் சாயம் தண்டின் நீளம் முழுவதும் அழிந்திருக்கும். இதிலோ மேல் விளிம்பில் மெல்லிய ஒரு வளையம் மட்டும் அழிந்திருந்தது. மற்ற இடமெல்லாம் நீலம் அப்படியே இருந்தது.

"பாருங்க ஐயா, இது இறுகியிருக்கு, பொருந்தலை. முழு பாரமும் இந்த ஒரு கோட்டிலே நிக்குது. நின்ன இடத்துலே ஆடாது. பள்ளத்துலே குதிச்சுக் குதிச்சு ஓடும்போது தளரும், இல்லேன்னா கழுத்துலே விரிசல் விட்டு ஒடியும். அப்போ ஓட்டுறவன் கையிலே ஸ்டியரிங் இருக்கும். சக்கரம் அவன் பேச்சைக் கேக்காது."

மாணவர்கள் முகம் வாடிவிட்டது. போட்டிக்கு முன் கல்லூரியில் நடக்கவிருந்த சோதனை ஓட்டத்திற்கு மூன்று நாட்களே இருந்தன. எங்கள் சபைப் பிள்ளை என்னைப் பார்த்தான். "ஐயா ஜெபம் பண்ணட்டும் மாமா, மெதுவா ஒரு சுற்று மட்டும் ஓட்டிப் பார்க்கிறோம்" என்றான்.

மூப்பர் எழுந்து என்னைப் பார்த்தார். "ஜெபம் பண்ணுங்க ஐயா. ஆனா வண்டியை நான் விடமாட்டேன்."

பிரியமானவர்களே, அந்த நீல வளையத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு நினைவுக்கு வந்தது வண்டியன்று. பதினைந்து ஆண்டுகளுக்கு முன், வேறொரு சபையில் நான் ஊழியம் செய்தபோது என்னிடம் வந்த ஒரு மகளின் முகம்.

அவள் மூன்று முறை வந்தாள். வீட்டில் சமாதானம் இல்லை என்பதை ஒவ்வொரு முறையும் சுற்றிவளைத்துச் சொன்னாள். நானும் ஒவ்வொரு முறையும், "அனுசரித்துப் போ அம்மா, எல்லா வீட்டிலும் உள்ளதுதான்" என்று சொல்லி, ஜெபித்து அனுப்பினேன். ஞாயிறுதோறும் கணவனும் மனைவியும் ஆராதனைக்கு ஒன்றாக வந்தார்கள். வெளியே பார்க்கும்போது குடும்பம் இறுகியே இருந்தது. நட்டும் பின்னும் போட்டதுபோல. துளிகூட ஆடவில்லை. நான்காம் முறை அவள் என்னிடம் வரவில்லை. கை முறிந்து மருத்துவமனையில் இருக்கிறாள் என்ற செய்திதான் வந்தது. அவளுடைய தாய் வந்து அவளை அழைத்துக்கொண்டு போனார்.

பட்டறையில் அன்று நான் ஜெபித்தேன். வண்டிக்காக அல்ல, பிள்ளைகளுக்குப் பொறுமையும் மூப்பருக்கு நல்ல கண்ணும் தந்ததற்காக. என் குரல் நடுங்கியதை யாரும் கவனித்தார்களோ தெரியவில்லை.

அடுத்த வாரம் பேருந்தில் சென்று அந்தச் சகோதரியைப் பார்த்தேன். இன்று தன் உழைப்பில் நிமிர்ந்து வாழ்கிறாள். மன்னிப்புக் கேட்டேன். அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க ஒரு தடவையாவது, 'வீட்டிலே என்னம்மா நடக்குது'ன்னு கேட்டிருக்கலாம் ஐயா. நான் சொல்றதுக்குத்தான் வந்தேன்." அவளுடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்கும் உரிமை எனக்கில்லை.

மூப்பர் தடவிய நீலச்சாயம் அந்தக் கேள்விதான். அது இல்லாமல் வெளியிலிருந்து பார்த்துப் பொருத்தத்தை அறிய முடியாது. நான் கேட்காமலே இறுக்கினேன்.

வண்டியின் கதையையும் முடித்துவிடுகிறேன். நக்கிளுக்கு உரிய நிறுவனத்தின் பால் ஜாயின்ட்டையே வாங்கிவரச் செய்தார் மூப்பர். இப்போது தண்டு துளையோடு பொருந்தியது. ஆனால் மறுமுனையிலுள்ள மரை மாருதியின் மரையோடு ஒத்துவரவில்லை. மாணவன் ஒருவன், "மரையை வெட்டி ஏற்றிவிடலாமா?" என்று கேட்டான். மூப்பர் தலையசைத்துவிட்டு, நல்ல எஃகில் புதிய இணைப்புக் குழல் ஒன்றைக் கடைந்தார். ஒரு முனையில் அதற்குரிய மரை, மறுமுனையில் இதற்குரிய மரை. எந்த உறுப்பையும் சிதைக்காமல், இரண்டின் அளவையும் அறிந்த ஒன்று நடுவில் வந்து நின்றது. மறுபடி நீலம் தடவினார். முழுவதும் அழிந்து வந்தது. எட்டு நாள் தாமதமாக, அறுவடை முடிந்த கரும்புக் கொல்லையில் வண்டி ஓடியது. பீதம்பூரில் தொழில்நுட்பச் சோதனையில் தேறினார்கள். நான்கு மணி நேர ஓட்டத்தின் நடுவே பெல்ட் அறுந்து நின்றுவிட்டது. ஸ்டியரிங் கடைசிவரை சொன்னபடி கேட்டது என்று தம்பி தொலைபேசியில் மகிழ்ச்சியோடு சொன்னான்.

'அனுசரித்தல்' தவறான சொல் அன்று. பட்டறையில் நடந்ததும் அனுசரிப்புதான். ஆனால் அங்கே அளந்தார்கள், சோதித்தார்கள், பாரம் எங்கே விழுகிறது என்று பார்த்தார்கள். நம் வீடுகளிலும் சபைகளிலும் பலமுறை நாம் அந்தச் சொல்லைச் சொல்வது, பலவீனமான பக்கத்தை மட்டும் இன்னொரு சுற்று இறுக்குவதற்காக.

நுகத்தைப் பற்றி நம் ஆண்டவர் பேசிய இடத்தில் (மத்தேயு 11:30) மூலமொழியான கிரேக்கத்தில் 'கிரேஸ்டோஸ்' என்ற சொல் வருகிறது. நல்லது, பயனுள்ளது, இதமானது என்பன அதன் பொருள்கள். கழுத்தை அறுக்காமல் இசைந்து உட்காரும் நுகம் என்று வியாக்கியானிகள் சிலர் விளக்குவார்கள். எங்கள் ஊரில் கரும்பு வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மாட்டின் கழுத்தில் புண் வந்தால் மாட்டை அடித்துப் பயனில்லை, நுகத்தைத்தான் பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இந்த வாரம் உங்களிடம் யாராவது சுற்றிவளைத்துப் பேசினால், அறிவுரை சொல்லுமுன் ஒரு கேள்வி கேளுங்கள். பதிலை முழுவதும் கேளுங்கள். வீட்டில் அடிபடுகிற சகோதரிகளே, சகித்துக்கொண்டிருப்பதே விசுவாசம் என்று எண்ண வேண்டாம். 181 என்ற மகளிர் உதவி எண் உங்களுக்காக இருக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. போதகர் வீட்டுக் கதவையும் தட்டலாம். இனி அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பவன் முதலில் கேட்பான்.

ஜெபம்: எங்களை அறிந்த ஆண்டவரே, இறுகியிருப்பதைக் கண்டு பொருந்தியிருக்கிறது என்று நாங்கள் ஏமாந்துபோகாதிருக்க எங்கள் கண்களைத் திறந்தருளும். நாங்கள் கேளாமல் அனுப்பிவிட்டவர்களை நீர் கைவிடாமல் காத்ததற்காக ஸ்தோத்திரம். ஆமென்.