கல்லட்டி மலைப்பாதை: ஏறலாம்... இறங்கக் கூடாது!

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு செல்போனில் வழி தேடினால் இரண்டு பாதைகள் வரும். ஒன்று, கூடலூரைச் சுற்றிக்கொண்டு போவது. இன்னொன்று, தலைகுந்தாவில் பிரிந்து கல்லட்டி வழியாக நேராக இறங்குவது. சுமார் 30 கிலோமீட்டர்தான். கூடலூர் வழியோடு ஒப்பிட்டால் பாதிகூட இல்லை. யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனால், தலைகுந்தாவில் காரைத் திருப்பினால் முதலில் நம்பர் பிளேட்டைத்தான் பார்ப்பார்கள். நீலகிரியின் டி.என். 43 என்றால் இறங்கலாம். வெளியூர் வண்டி என்றால் கூடலூர் வழிதான். இதே பாதையில் மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறி வருவதற்கு மட்டும் தடை இல்லை. 'ஏறினால் சரி, இறங்கினால் தப்பா?' என்று பலருக்கும் கோபம் வரும். அடுத்தடுத்து நடந்த விபத்துகளுக்குப் பிறகு வந்த கட்டுப்பாடு இது.

கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவுகள். ஊட்டி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேலான இறக்கத்தை இந்தக் குறுகிய தூரத்துக்குள் முடித்துவிடுகிறது இந்தப் பாதை. சமவெளியில் ஓட்டிப் பழகியவரின் கால் தானாகவே பிரேக்குக்குப் போகும். மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் பேடு சூடேறி, பிடிமானம் குறையும். பிரேக் ஆயிலும் கொதித்துவிட்டால், மிதித்த பெடல் பஞ்சுபோல உள்ளே போகும், வண்டி நிற்காது. வளைவு மட்டும் வந்துகொண்டே இருக்கும்.

இதற்கு மருந்து கியர்தான். 'எந்த கியரில் ஏறுவாயோ, அதே கியரில் இறங்கு' என்பது மலை டிரைவர்களின் பழைய கணக்கு. முதல் அல்லது இரண்டாவது கியரில் போட்டால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை விட்டு விட்டு மிதித்தால் போதும். ஆட்டோமேட்டிக் கார் என்றால் 'எல்' அல்லது மேனுவல் மோடு. 'டி'யிலேயே விட்டுவிட்டு இறங்குவதுதான் பலரும் செய்யும் தவறு.

பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்றைய கார்களில் கியரில் இறங்கும்போதுதான் இன்ஜினுக்குப் போகும் பெட்ரோல் நிற்கும். நியூட்ரலில் இன்ஜின் ஓட பெட்ரோல் செலவாகும். ஆக, அந்த மிச்சமும் இல்லை!

கருகிய வாடை வந்தால் பாதுகாப்பான இடத்தில் ஓரம்கட்டி, பிரேக் தானாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும். சூட்டோடு தண்ணீர் ஊற்றக் கூடாது. எதிரே ஏறி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டியது இறங்குபவர்தான். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. வளைவில் பஸ் தெரிந்தால் முன்கூட்டியே நின்றுவிடுவது நல்லது. அதற்கு முழு ரோடும் வேண்டும். பனிமூட்டத்தில் ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், லோ பீமே சரி.

கூடலூர் வழியில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் வருத்தப்படத் தேவையில்லை. பைக்காரா, நடுவட்டத்துத் தேயிலைத் தோட்டங்கள், ஊசிமலைக் காட்சிமுனை எல்லாம் அந்தப் பக்கம்தான். அங்கேயும் இறக்கம் உண்டு, அதே இரண்டாவது கியர்தான். கல்லட்டியைப் பார்த்தே தீர வேண்டும் என்றால், பயணத்தைத் திருப்பிப் போடலாம்: போகும்போது கூடலூர், வரும்போது மசினகுடி. முள்காட்டில் தொடங்கி, வளைவு ஏற ஏற காற்று குளிர்ந்து, உச்சியில் யூகலிப்டஸ் வாசனையோடு ஊட்டி வந்துவிடும்.