தேய்ந்த கப்பி

உழைப்பின் மதிப்பைப் பற்றி வகுப்பறையில் ஓயாது பேசுகிறவன் நான். அந்தப் பாடத்தை நானே சரியாகப் படிக்கவில்லை என்பதை ஒரு தேய்ந்த கப்பி எனக்கு உணர்த்திற்று.

ஏறாவூரில் எங்கள் வீட்டில் இரு சக்கர உழவு இயந்திரம் ஒன்று உண்டு. எந்த நாட்டில் செய்யப்பட்டதாயினும் இங்கு அதற்கு 'லான்ட்மாஸ்டர்' என்றே பெயர். அதை ஓட்டுபவர் அயல்வீட்டுக் காக்கா. கூலி ஏக்கர்க் கணக்கில். உழுதால் உண்டு, உழாவிடில் இல்லை.

2022ஆம் ஆண்டின் பெரும்போக உழவுக்காலம். அவ்வாண்டு ஏப்ரலில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடன் தவணைகளையே நிறுத்தியிருந்தது; உதிரிப்பாகங்கள் நெருப்பு விலை விற்றன. சேற்றில் இறங்கியதும் எஞ்சின் இரைந்தது. சக்கரமோ சுழல மறுத்தது. ரப்பர் கருகும் மணம் எழுந்தது.

"பெல்ட்டை மாத்தினாக் காணும்" என்றேன்.

கராஜ்காரர் கப்பியைக் கழற்றிக் காட்டினார். "பெல்ட்டில பிழையில்ல, சேர். இந்தக் கப்பியும் பெயாரிங்கும்தான் போயிட்டு."

அவர் சொன்னது எளிய உண்மை. ஆப்புவடிவான பெல்ட் தன் இரு பக்கங்களாலேயே கப்பியைப் பற்றுகிறது. தவாளிப்பின் பக்கங்கள் தேய்ந்தால் பெல்ட் உள்ளே இறங்கி அடியில் தட்டும், பிடி விடும். தவாளிப்பின் அடி கண்ணாடிபோல் மினுங்குவதே அதற்கு அடையாளம். வழுக்குகிறதென்று மேலும் இறுக்கினால் பாரம் பெயாரிங்கில் விழும். பெயாரிங் ஆடினால் கப்பி ஆடும். ஆடும் கப்பி புதிய பெல்ட்டையும் தின்றுவிடும். சேர்ந்து ஓடும் பெல்ட்களுள் ஒன்றை மட்டும் மாற்றுவதும் பிழை. பழையவை நீண்டுபோயிருக்க, புதியது ஒன்றே முழுச்சுமையையும் இழுக்கும்.

அத்தனையும் கேட்டேன். கேட்டுவிட்டு ஒரு பெல்ட் மட்டும் வாங்கினேன். காக்கா ஒன்றும் பேசவில்லை.

நான்காம் நாள் அது வட்டை நடுவே அறுந்தது. கப்பி தேடி எடுப்பதற்குள் ஆறு நாட்கள் கழிந்தன. எனக்கு நட்டம் ஒரு பெல்ட்டின் விலை. அவருக்கோ, ஆண்டில் கூலி கிடைக்கும் சில வாரங்களில் ஆறு நாட்கள்! தேய்ந்தது என் உடைமை. தண்டம் கட்டியது அவர் அடுப்பு.

1950களில் லான்ட்மாஸ்டரை வடிவமைத்தவர் நம் நாட்டவரான ரே விஜேவர்தன. தாம் இயந்திரமயமாக்கியது வேளாண்மையையன்று, எருமையையே என்று பிற்காலத்தில் அவரே ஐயுற்றார். எருமை நோயுற்றால் அதன் நட்டம் உடையவனையே முதலில் தாக்கும். இயந்திரம் நின்றாலோ, ஏக்கர்க் கூலி என்ற ஏற்பாட்டினால் நட்டத்தை ஓட்டுபவன் தலையில் இறக்கிவிடலாம். 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகை விவசாயிக்குப் பாதுகாப்புத் தேட முனைந்தது. பிறருடைய இயந்திரத்தை ஓட்டுபவனுக்கு, நின்றுபோன நாளுக்கு யார் பொறுப்பு?

கப்பி, பெயாரிங், பெல்ட்கள் யாவற்றையும் மாற்றினோம். இரு கப்பிகளுக்கும் நூல் பிடித்து நேர் பார்த்தோம். பின்னர் அந்த ஆறு நாட்களுக்குரிய கூலியை நீட்டினேன்.

"வேல செய்யாத காசு எனக்கெதுக்கு, தம்பி? தருமமா?" என்று கையை இழுத்துக்கொண்டார்.

அது தருமமன்று, நான் கொடுக்கவேண்டிய கடன் என்று அவருக்கு விளங்கவைக்க ஒரு மாலைப்பொழுது முழுவதும் பிடித்தது. அவர் அப்படிக் கேட்கும் நிலையை உண்டாக்கியவர்களுள், வகுப்பறையில் நீதி பேசும் நானும் ஒருவன் அல்லவா?