புது வண்டி வாங்கிய கதை


"இந்த வயதில் க்ரூஸர் பைக்கா?" என்று பலர் கேட்டுவிட்டீர்கள். மாலை வகுப்பு எடுக்கத் தினமும் போக வர 36 கிலோமீட்டர். முழங்கால் வலி வேறு. பென்ஷனில் பெட்ரோல் கணக்கும் பார்க்க வேண்டும்.

முப்பது வருட ஆசை ராயல் என்ஃபீல்டுதான். மீட்டியார் 350-இல் உட்கார்ந்து பின்னால் தள்ளிப் பார்த்தேன். 191 கிலோ, மூச்சு வாங்கியது. உடன் வந்த பழைய மாணவன், "சார், ஓடும்போது எல்லா வண்டியும் லேசுதான். நிறுத்தும்போதுதான் எடை தெரியும்" என்றான்.

பஜாஜ் அவெஞ்சர் 160-இன் எடை 156 கிலோ. இருக்கை உயரம் 737 மில்லிமீட்டர். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிந்தன. அதையே வாங்கினேன். தினமும் ஒரு லிட்டருக்குள் முடிகிறது.

ஆசை கொஞ்சம் மிச்சமிருக்கிறது, பரவாயில்லை. வகுப்புக்கு விழாமல் போய் வருகிறேன், அது போதும். ஹெல்மெட் மறக்காதீர்கள்.